தாமரைக்கோழியை எடுத்தவள்

பண்பொழிக் குளத்தில் சாரல் விழுகிறது. மலைமேல் மேகம் சற்றே விலக, தாமரை இலைகளில் நிற்கும் தண்ணீர் மின்னுகிறது. என் மருமகள் ஜுஹைனா ஈரப் புல்லில் முழங்கால் ஊன்றிக் கேமராவைப் பிடித்திருக்கிறாள். நான் அவளுக்குக் குடை பிடித்தபடி, துபாயிலிருக்கும் மகன் ரிஃபாயிடம் போனில் பேசுகிறேன். அவள் எடுக்கும் பறவைப் படங்களை அவன் தன் பேரில் இன்ஸ்டாகிராமில் போடுவது இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. “பொம்பள பேரு வெளிய தெரிஞ்சா நாலு பேரு பேசுவாங்க வாப்பா. நம்ம குடும்ப மானம்லா?” என்கிறான். “அவ எடுத்ததை நீ எடுத்தேன்னு சொல்லுதியே, அதுதாம்லே மானக்கேடு. எல்லாத்துலயும் பேரை மாத்து.” “மெதுவா ஏசுங்க மாமா, கோழி பறந்துரும்” என்று ஜுஹைனா கிசுகிசுக்கிறாள். நீண்ட விரல்களை இலைமேல் அகல வைத்து ஒரு தாமரைக்கோழி நடந்து வருகிறது. கேமரா படபடவென்று அடிக்கிறது. அவள் படத்தைத் தன் போனுக்கு மாற்றி, “நல்லா விழுந்திருக்கு. அவங்களுக்கு அனுப்பட்டுமா மாமா?” என்கிறாள். “வேண்டாம். உன் பேருல நீயே போடு. எவனும் கேட்டா மசூது ராவுத்தர் மருமவள்னு சொல்லு” என்கிறேன், ரிஃபாய்க்கும் கேட்கும்படி. அவள் துப்பட்டாவில் விரலைத் துடைத்துக்கொண்டு தன் பேரை அடிக்கிறாள்.