அம்மாவின் கட்சி

வாலிபத்தில் சிவகாசித் தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியவர் சண்முகவேல். அச்சகம் வைத்து எல்லாக் கட்சிக்கும் நோட்டீஸ் அடிக்கத் தொடங்கியதும் அரசியலே கசந்துபோய், டிவியில் செய்தி வந்தால்கூட அணைத்துவிடுவார். அப்படிப்பட்ட அப்பா, 2006 தேர்தல் நேரத்தில் அம்மா சொர்ணலட்சுமியின் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கட்சியை உரக்கத் திட்டுவதைக் கண்டு, சாத்தூரிலிருந்து வந்த மகள் யோகேஸ்வரி திகைத்தாள்.

“ஏம்ப்பா, உடம்பு முடியாம படுத்திருக்க அம்மாகிட்டயா கட்சிச் சண்ட போடுவீக? பிரஷர் ஏறிரப் போவுது!”

“நீ சும்மா இரு தாயி. ஏ சொர்ணம், ஒங்க ஆளுக்கு இந்தத் தடவ டெபாசிட்டே கிடைக்காது, பாத்துக்க!”

அம்மாவின் உதடுகள் துடித்தன.

“உங்க... ஆளு மட்டும்... கிழிச்சிருவாகளாக்கும்?”

பக்கவாதம் பேச்சைப் பறித்த இந்த மூன்று மாதத்தில், அம்மா வாய்திறந்தது இதுதான் முதல்முறை.

“அப்படிக் கேளுடி என் ராசாத்தி!” என்றார் அப்பா, கண்களைத் துடைத்துக்கொண்டு.