பதினான்காம் எண்ணின் ஆனந்தம்

மூன்று மடங்கு!

திரையில் இருந்த எண்ணை விரல் வைத்துப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். ஓடுவதற்கு முன் எடுத்த ரத்தத்தைவிட, ஓடிய பின் எடுத்த ரத்தத்தில் மூன்று மடங்கு ஆனந்தமைடு.

கஞ்சாவுக்குப் பங்காளி முறை அது. ஆனால் வெளியிலிருந்து வருவதில்லை. உடம்பே தனக்குத் தானே தயாரித்துக்கொள்வது. மனம் லேசாவதில் அதற்கும் பங்கு உண்டு என்கிறார்கள். பேரிலேயே ஆனந்தத்தை வைத்திருக்கிறது.

எங்கள் ஓட்ட ஆய்வில் அந்த ரத்தத்தைக் கொடுத்த பதினான்காம் எண்காரர் என் அப்பா.

அம்மா போய் இரண்டு வருடம். அப்பாவின் சிரிப்பையும் அவள் கையோடு கொண்டுபோய்விட்டாள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவரை இந்த ஆய்வில் பேர் கொடுக்க வைத்தேன். உள்ளே வற்றிவிட்டதா, இல்லையா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதோ, வற்றவில்லை! தாளை அச்செடுத்துக்கொண்டு, தலைகால் புரியாமல், ஆய்வை நடத்தும் டாக்டரம்மா அறைக்கு ஓடினேன்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் என் கையால் எழுதியிருந்த நேரங்களைப் பார்த்தார். ரத்தம் எடுத்தது பத்து நாற்பது. ஐஸில் வைத்தது பதினொன்று ஐந்து.

எனக்கு முகம் தொங்கிப்போனது. குழாயை உடனே ஐஸில் வைக்காவிட்டால், ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே ஆனந்தமைடைச் சுரந்துகொண்டிருக்கும். எண் வீங்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான். பாடம் எடுப்பவளும் நான்தான்.

“இருபத்தஞ்சு நிமிஷம் என்னம்மா பண்ணிட்டு இருந்தே?”

அன்று அப்பா ஓடிக்கொண்டிருந்த டிரெட்மில் நின்றது. ரத்தம் எடுத்தேன். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அரைமணி நேரம் ஓடியும் இருந்த இடத்துலயேதான் நிக்கிறேன். உங்கம்மா என்னைப் பத்திச் சொன்னது சரிதான் போல.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது அடங்குவதற்குள், அம்மா திட்டியதில் இன்னொன்றை எடுத்துவிட்டார். அப்புறம் இன்னொன்று. குழாய் மேசை மேலேயே கிடந்தது.

டாக்டரம்மா சிவப்புப் பேனாவை நீட்டினார். மூன்று மடங்கை நானே அடித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் அடித்ததில்லை.