ரிவர்ஸ் லைட்டும் சுவரும்
கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் என் வயிறு எரியும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். வீட்டு ஷெட்டில், பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கடியில் மெக்கானிக் மல்லாந்து கிடக்கிறார். ரிவர்ஸ் லைட் எரியாத இருட்டில் மனைவி காரைச் சுவரில் இடித்தாள் என்று இரண்டு வருஷமாகச் சாவியை ஒளித்துவைத்திருக்கும் மகராசன் பக்கத்தில் நிற்கிறார், மனைவியும் கூடவே. "கியர்பாக்ஸ்ல இருக்கற ரிவர்ஸ் லைட் சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு சார். வயரைத்தான் மாட்டவே இல்ல. கியர்பாக்ஸைக் கடைசியா கழட்டினது யாரு?" மகராசன் மெல்ல வாசல்பக்கம் நகர்கிறார். "சொல்லுங்களேன்!" என்கிறாள் மனைவி. "நீங்கதானே கழட்டினீங்க? எனக்குக் கண்ணு தெரியலைன்னு ஊரெல்லாம் சொன்ன வாய் இப்ப எங்க போச்சு?" வயரை மாட்டி ரிவர்ஸ் போட்டதும், சுவரின் சிவப்புக் கீறல்மேல் வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று விழுகிறது. அவள் கையை நீட்டுகிறாள். சாவி வருகிறது. "ஓரமா நில்லுங்க, இடிச்சிடப் போறேன்." உங்கள் வீட்டில் வீண்பழி நுழையாமல் விளக்கெல்லாம் எரியட்டும், தங்கங்களே.