மூக்கு அண்ணாச்சி

ஆலை மேடையில் நின்ற அண்ணாச்சி, குழாயின் வாயருகே உள்ளங்கையைக் குவித்துக் காற்றை மூக்குப் பக்கம் தள்ளினார்.

வாசம் இல்லை.

இன்னொரு தரம் தள்ளினார். கண் கரித்தது. மனைவி எப்சிபா போனதிலிருந்து கண் அப்படித்தான், காரணம் இல்லாமல் கரிக்கும். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

மூக்குக்கு ஒன்றும் வரவில்லை.

இன்றைக்கு இது இரண்டாவது தரம்.

காலையில் வீட்டில் பாலித்தீன் பையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே முகத்தை வைத்தபோதும் இப்படித்தான் இருந்தது.

பைக்குள் இருப்பது மனைவியின் நைட்டி. சேலைகளை எல்லாம் அவள் தங்கைமார் வந்து பங்கு போட்டுக்கொண்டார்கள். கழுத்தோரம் நைந்த, துவைக்காத நைட்டியை யார் கேட்பார்கள்? கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. அவர்தான் எடுத்துப் பையில் போட்டுக் கட்டினார்.

வேலைக்குக் கிளம்புமுன் அவிழ்ப்பார். ஒரு மூச்சு இழுப்பார். உடனே கட்டிவிடுவார்.

சிக்கனமாகத்தான் இழுத்தார். தீர்ந்துவிடுமோ என்று பயம். கொஞ்ச நாளாகவே குறைந்துகொண்டு வந்தது.

இன்று தீர்ந்துவிட்டது.

பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடக்கம் முடிந்து திரும்பிய அன்றுகூட வீடு இவ்வளவு காலியாக இல்லை.

"தீந்துட்டா அண்ணாச்சி?"

மேடைக்குக் கீழே இருந்து பிச்சைக்கனி கத்தினான். கலனுக்குச் சூடு வைப்பவன்.

அவன் கேட்டது அமோனியாவை.

அந்த ஆலையில் நவச்சாரத்தை அமோனியா, அமிலம் என்று இரண்டு வாயுவாகப் பிரிக்கிறார்கள். மக்னீசியப் பொடியோடு சேர்த்துக் காய்ச்சினால், பொடி அமிலத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அமோனியா மட்டும் முதலில் கிளம்பிப் போகும். அது முழுக்கப் போன பிறகு நீராவியை விட்டுச் சூட்டை ஏற்றினால், அமிலமும் வாயுவாகி வெளியே வரும்.

அவசரப்பட்டால் போச்சு. மிச்சம் மீதி அமோனியா இருக்கும்போது அமிலம் வந்துவிட்டால், இரண்டும் கட்டிக்கொண்டு பழையபடி வெள்ளைப் பொடியாகிவிடும். குழாய் அடைத்துக்கொள்ளும்.

தீர்ந்ததா இல்லையா என்று சொல்ல மீட்டர் ஒன்று இருக்கிறது. கடல் காற்றில் பாதி நாள் படுத்துவிடும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பிச்சைக்கனி அதைக் கேலி செய்வான். எல்லோரும் நம்பியது அவர் மூக்கைத்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி மூக்கு அண்ணாச்சி.

"தீந்துட்டு," என்று கையை உயர்த்திக் காட்டினார்.

பிச்சைக்கனி சூட்டை ஏற்றினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய் அடைத்து முனகியது. மேலே சேப்டி வால்வு சீறித் திறந்தது. வெள்ளைப் புகை கிளம்பி மேடையை மூடியது. ஆட்கள் ஈரத் துண்டோடு ஓடினார்கள். யாரோ நீராவியை அடைத்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிச்சைக்கனி மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தான். கண்ணும் முகமும் சிவந்திருந்தன.

"நெடி மண்டையப் பொளக்கு. கேட்டுல நிக்கவனுக்கே தெரியுது. மூக்கு செத்துப் போச்சா அண்ணாச்சி உமக்கு?"

அவர் குனிந்து, குழாயின் வாயிலேயே மூக்கை வைக்கப் போனார். பிச்சைக்கனி சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அதற்குள் ஒரு மூச்சு இழுத்திருந்தார். தொண்டை எரிந்தது. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

வாசம் மட்டும் இல்லை.

எஞ்சினியர் வந்து சத்தம் போட்டார். நாளைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் போதும், இப்போது வீட்டுக்குப் போகலாம் என்றார். அண்ணாச்சி அசையாமல் நின்றார். வேலை போய்விடும் என்று கலங்கிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மூக்குதான் போயிருக்கிறது என்றால்.

அப்படியென்றால் பையில் வாசம் இன்னும்.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வெயிலில் உப்பளத்து ரோட்டோடு நடந்தார். பாதி ஓட்டம்.

வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்தார். அவிழ்க்கவில்லை. அவிழ்த்து என்ன செய்ய?

அதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார். நின்ற பிறகுதான் வெட்கம் வந்தது. பட்டப்பகலில் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் நைட்டியை நீட்டுவது ஊர் கைகொட்டிச் சிரிக்கிற காரியம். ஆனால் வேறு யாரிடம் போவார்? பிள்ளை குட்டி இல்லை. எப்சிபாவும் இந்த வீட்டு ஞானப்பூவும்தான் பின்பக்கக் குழாயடியில் தினமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மீன் கழுவியவர்கள்.

ஞானப்பூ மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்கிடாத. ஒன் மைனியோட நைட்டி. இதுல வாசம் இருக்கான்னு கொஞ்சம் மோந்து சொல்லு."

அவள் பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கையில் இருந்த மாவைத் தட்டி, சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். முகத்தை உள்ளே வைத்தாள்.

வெகு நேரம் முகத்தை வெளியே எடுக்கவில்லை.

அவர் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்லக் குலுங்கியது.

"சாளக் கருவாட்டப் பொரிச்சிட்டு, இடுப்புலயே கையத் தொடச்சிருக்காவ மைனி," பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"வேற?" என்றார்.