நிபந்தனைகளை ஏற்கிறேன்

"நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சம்மதித்த எவனும் மனிதகுல வரலாற்றில் முன்னேறியதில்லை" என்று விடுதி அறையில் பிரகடனம் செய்தான் நன்மாறன். எதையும் வரிவரியாகப் படிக்கும் அறைத்தோழன் சிராஜைச் சீண்டினான்: "என்ன சார்பதிவாளரே, பத்திரத்துல வில்லங்கம் ஏதும் இருக்கா?"

இன்னும் வெளிவராத இயங்குதளம் ஒன்றின் சோதனைப் பதிப்பைத் தன் கைபேசியில் இலவசமாகப் போட்டுக்கொண்டான். பரீட்சை முடியும்வரை அவனுக்குப் பதிலாக அவன் குரலிலேயே அது தினமும் அம்மாவிடம் பேசியது. பிறகு அதை நீக்கினான். நீக்கிய மூன்றாம் நாள் அவனே அழைத்தான்.

"அம்மா, மாறன் பேசுறேன்."

"யாருடா நீ? எம் புள்ள இப்பதான் ஒரு மணி நேரம் பேசிட்டு வச்சான். தன் குரல்ல திருட்டுப்பய எவனாவது கூப்பிடுவான்னு அவனே சொன்னான். வைடா போனை!"

நன்மாறன் சிராஜுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிபந்தனைகளைத் திறந்தான். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் வரியில் விரலை வைத்தான்.