சுற்றிப் போட்ட உப்பு

ஓய்வுபெற்ற தாசில்தார் தணிகாசலத்தின் வீட்டு மீன்தொட்டியை மாதம் இருமுறை கழுவுவது என் வேலை. தங்கமீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அளவாகக் கல்லுப்பு போடச் சொன்னேன். ஊரில் எல்லோரும் திருஷ்டி சுற்றிய உப்பை வேறு தண்ணீரில் கரைத்து வெளியே கொட்டுவார்கள். அந்த மேதையோ உப்பைத் தொட்டிக்கு மூன்று முறை சுற்றி, அந்தத் தொட்டியிலேயே கரைத்தார். மீன்கள் பிழைத்தன. பிழைக்க வைத்தது உப்பு, பேர் வாங்கியது அவர் கை. அதன் பிறகு வருகிறவர்கள் யார் மீனைப் பார்த்தாலும் ஆளுக்கு ஒரு பிடி சுற்றிக் கரைத்தார்.

“தண்ணிதான் சார் வத்தும், உப்பு அங்கயேதான் கெடக்கும். இது கடல் மீன் இல்ல” என்றேன்.

“நீ கண்ணாடிய மட்டும் தொடைப்பா.”

அவர் மகளைப் பெண் பார்க்கப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். மறுநாள் நான் போனபோது நான்கு மீன்களும் வயிறு மேலாக மிதந்தன. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடலாகக் கரித்தது. தணிகாசலத்தின் முகத்திலோ அப்படியொரு நிம்மதி.

“எம் பொண்ணுக்கு வந்தத இதுங்க வாங்கிக்கிச்சு பாத்தியா? இன்னும் பெருசா நாலு கொண்டா. நல்லாத் தாங்கணும்.”

கொண்டுபோனேன், எனக்கும் புத்தி கிடையாது. தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டேன். அவை வாலை விரித்து நீந்தியபோது, “அழகா இருக்கு சார்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

தணிகாசலம் என் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார்.