கருவாயன் ஒளிந்த இடம்

“போன வருஷம் நீங்க ஊரெல்லாம் தேடினப்ப எங்க கருவாயன் ஒங்க குவாட்டஸ்லதான் இருந்தான், டாக்டர் மாத்தயா! ஒங்க பொஞ்சாதி கையால புண்ணாக்குத் தின்னுட்டு, ரேடியோவுல பாட்டுக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தான்!”

உம்மு குல்தூம் காளையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வழி மறித்தாள்.

“ஆமா, நானும் பாத்தேன்!” என்றது வேலியோரம் கூடியிருந்த லக்கல ஊர். ஒருவரும் பார்க்கவில்லை. அவளுக்காக எதையும் பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

அவள் மாத்தயா என்று மரியாதையாக விளித்த மாட்டு டாக்டர் சிவபாதம் மட்டும் நம்பவில்லை. நாட்டுக் காளைகளையெல்லாம் காயடித்துவிட்டு, பசுக்களுக்குச் சீமைக் காளையின் விந்தை ஊசியால் ஏற்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சுற்றுவட்டாரத்தில் அவருடைய காயடிக்கும் கிடுக்கிக்குத் தப்பிய ஒரே காளை கருவாயன். இதுவும் போனால் நாட்டு மாட்டுக்கு விதையே இல்லை.

உயரத்தில் கருவாயன் அவள் இடுப்பைத்தான் எட்டுவான். ஆனால் அவன் தும்மினால் லக்கலக் காட்டு யானை வில்கமுவவில் போய்த்தான் நிற்கும் என்பாள்.

“என்ர மனிசி மாட்டைக் கண்டாலே குசினிக்குள்ள ஓடுறவ. அவவோ புண்ணாக்கு வச்சவ?” என்றார் டாக்டர்.

“அவங்க ஓடினதுதான் எங்களுக்கு வசதியாப் போச்சு!”

“வாய மூடு புள்ள, ஜெயில்ல போட்டுருவாங்க” என்று முணுமுணுத்தான் கணவன் ரவூப்.

“போடட்டும். கருவாயனையும் சேத்துப் போடட்டும்!”

டாக்டர் விடவில்லை. “வடிவாச் சொல்லுங்கோ. என்ர வீட்டில எங்க கட்டினனீங்கள்?”

“பின்பக்கக் கொட்டில்லதான். ஊர்ல எல்லாக் கொட்டிலையும் தேடுவீங்க, ஒங்க கொட்டிலத் தேடுவீங்களா?”

“அங்க என்ர ஜெர்சிப் பசு எல்லோ நிண்டது?”

“நின்னுச்சு. ரெண்டும் ஒரே தொட்டியில தண்ணி குடிச்சிச்சுங்க. நான் சொன்னது பொய்யின்னா இப்பவே கிடுக்கிய எடுங்க. நெசம்னா, இவன் மேல இனிமே ஒரு விரல் படக்கூடாது!”

ரவூப் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

டாக்டர் கிட்டே வந்தார். கருவாயனின் திமிலை மெல்லத் தடவிப் பார்த்தார். ஒரு விரல் அல்ல, ஐந்து விரலும் பட்டன.

“கிடுக்கி கொண்டு வரேல்லை அம்மா. சீமை ஊசிக்குப் பிறந்த என்ர ரெண்டு கன்றும் உண்ணிக் காய்ச்சலில செத்துப் போச்சு. இந்த முறை பிறந்தது மட்டும் அதே காய்ச்சலுக்குத் தப்பித் துள்ளுது. ஏனெண்டு விளங்காமல்தான் வந்தனான்.”

மறுபடியும் திமிலைத் தொட்டார்.

“சீமை மாட்டுக்குத் திமில் இல்லை. என்ர கன்றுக்கு இருக்கு. நீங்கள் சொன்னது உண்மைதான்.”